பொட்டு வைத்த முட்டை

தண்ணீர் கொதி வந்ததும் முட்டைகள் பாத்திரத்துக்குள் ஒன்றோடொன்று மோதி டொக் டொக்கென்று சத்தம் போடும். அன்று காலை ஆறு மணிக்கு நான் அந்தச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டு நின்றேன். அப்போதுதான் பக்கத்து வீட்டிலிருந்து "அய்யய்யோ!" என்று ஓர் அலறல் வந்தது.

கையில் கரண்டியோடு ஜன்னலுக்கு ஓடினேன். பக்கத்து வீட்டு ரேவதி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். எட்டு மாதக் கர்ப்பிணி. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பால் பாக்கெட் தரையில் கிடந்தது. அவள் மாமியார் அஞ்சலை தலையில் அடித்துக்கொண்டு தெருவையே கூப்பிட்டாள்.

அவர்கள் வாசல் கோலத்துக்கு நட்டநடுவில் ஒரு முட்டை இருந்தது. அதன் மேல் சிவப்பாக ஒரு குங்குமப் பொட்டு. பொட்டுக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு மைக்கோடு.

"எவளோ செய்வினை வெச்சிட்டாளே! அமாவாச முடிஞ்ச மறுநாளு பாத்து வெச்சிருக்காளே! புள்ளத்தாச்சி தாண்டிட்டாளே!" என்று அஞ்சலை கத்தினாள்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தப் பொட்டை வைத்தது நான்தான்.

பொட்டு வந்த கதை

போன வாரம் இந்தத் தொடரில் என் கடை ஜெராக்ஸ் மெஷின் கதையைப் படித்துவிட்டு, வயிறு வலிக்கச் சிரித்ததாகச் சிலர் எழுதியிருந்தார்கள். இந்த வாரம் சிரிப்பு கம்மிதான், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

மூன்று நான்கு வருஷத்துக்கு முந்தைய விஷயம். கள்ளக்குறிச்சியில் ஒரு சந்தில் நானும் என் மகன் தினேஷும் மட்டும் இருந்தோம். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து பல வருஷமாகியிருந்தது. தினேஷ் போலீஸ் செலக்ஷனுக்கு ஓடிக்கொண்டிருந்தான். எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டான். அடுத்தது ஓட்டம், கயிறு ஏறுவது, நீளம் தாண்டுவது. கிரவுண்டில் பழக்கிவிட்ட மாஸ்டர், தினம் எட்டு முட்டை தின்னச் சொல்லிவிட்டார். எட்டு! அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார். வேகவைக்கிறவள் நான்தானே.

எனக்குச் சமையல் சுத்தமாக வராது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை. முட்டை வேகவைப்பது ஒரு சமையலா என்று நினைப்பவர்கள் எட்டு முட்டையை வரிசையாக உரித்துப் பார்க்கட்டும். புது முட்டை ஓட்டை விடவே விடாது. ஓட்டோடு வெள்ளைக்கருவும் பிய்ந்துகொண்டு வரும். கடைசியில் கையில் நிற்பது எலி கடித்த கொய்யாப் பழம் மாதிரி இருக்கும்.

என் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களெல்லாம் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். உப்புப் போடு என்றார் ஒருத்தர். கொதித்த பிறகு முட்டையைப் போடு என்றார் இன்னொருத்தர். பச்சைத் தண்ணீரில் போட்டு உரி என்றாள் டீக்கடைக்காரர் பெண்டாட்டி. அதில் கொஞ்சம் பலன் இருந்தது.

என் அப்பாவுக்கு இதில் கைவாகு உண்டு. எங்கள் ஊர் களமருதூரில் நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, முட்டையைச் சுற்றிலும் தட்டி, உள்ளங்கையால் தரையில் ஒரு உருட்டு உருட்டுவார். ஓடு சட்டை கழற்றின மாதிரி வந்துவிடும். பிறகு தையல் நூலால் அதை நாலாக அறுத்து எங்கள் நாலு பேருக்கும் கொடுப்பார். எனக்கு அவருடைய கோபம் மட்டும்தான் வந்தது.

உரிப்பது ஒரு தொல்லை என்றால், வெந்தது எது, வேகாதது எது என்பது அடுத்த தொல்லை. ஃபிரிட்ஜில் எல்லாம் ஒரே வெள்ளை. ஒருநாள் தினேஷ் சினேகிதர்கள் முன்னால் பந்தாவாக நெற்றியில் முட்டையைத் தட்டி உடைத்தான். பச்சை முட்டை. மூக்கு வழியாக ஒழுகி புது டீஷர்ட்டில் இறங்கியது. "நீ எல்லாம் ஒரு அம்மாவா?" என்று வீட்டுக்கு வந்து குதித்தான்.

சரி, வெந்த முட்டையில் அடையாளம் போடலாம் என்று உட்கார்ந்தேன். ஈர ஓட்டில் பேனா எழுதவில்லை. பென்சில் வழுக்கியது. அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில்தான் எங்கள் சாமி படம். அங்கே குங்குமச் சிமிழ் இருந்தது. விரலைத் தொட்டு ஒரு பொட்டு வைத்தேன். அழகாக ஒட்டிக்கொண்டது.

அன்றைக்குத் தின்னாமல் மிச்சமாகிற முட்டையை மறுநாள் முதலில் தின்ன வேண்டுமே, அதற்கு ஓர் அடையாளம் வேண்டாமா? கண்மையால் பக்கத்தில் ஒரு கோடு இழுத்தேன். என் மூளையை நினைத்து எனக்கே பெருமை தாங்கவில்லை. குங்குமமும் மையும் வைத்த முட்டையை வெளியில் யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். ஃபிரிட்ஜுக்குள் இருக்கிற முட்டையை யார் பார்க்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டேன்.

வாயைத் திறக்கவில்லை

ஜன்னலில் நின்றபடியே எனக்குக் கணக்காகப் புரிந்துவிட்டது. விடியற்காலையில் தினேஷ் நாலு முட்டையை ஒரு கவரில் போட்டுக்கொண்டு கிரவுண்டுக்கு ஓடினான். அதில் ஒன்று வழியில் விழுந்திருக்கிறது. விழுந்த இடம் பக்கத்து வீட்டுக் கோலம்.

"அடியே, அது எம்புள்ள திங்கற முட்டைடி" என்று ஜன்னல் வழியாக ஒரு சத்தம் கொடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நான் கொடுக்கவில்லை.

பத்து நாளுக்கு முன்னால்தான் எனக்கும் அஞ்சலைக்கும் சண்டை. நான் துணி துவைத்த தண்ணீர் அவர்கள் வாசலில் போய் நின்றதாம். அவள் ஒன்று சொல்ல, நான் ஒன்பது சொன்னேன். கடைசியாக, தெருவே பார்த்துக்கொண்டிருக்கும்போது, "என்கிட்ட வெச்சிக்கினா வூட்டுல ஒண்ணும் வெளங்காது, பாத்துக்க!" என்று கையை நீட்டிச் சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். வாய் இருக்கிறதே, என் வாய்! அது எனக்குச் செய்த கெடுதலை வேறு யாரும் செய்ததில்லை.

அஞ்சலை அதை மறந்திருப்பாளா? எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டே கத்தினாள்: "எவ செஞ்சான்னு எனக்குத் தெரியாமலா இருக்குது? எம்மருமவளுக்கு ஒண்ணுன்னா ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்காம வுட மாட்டேன்! குடும்பத்தோட உள்ள தள்ளுவேன்!"

ஸ்டேஷன் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் ஜன்னலை விட்டு நகர்ந்துவிட்டேன். தினேஷ் மேல் ஒரே ஒரு புகார் ஏறினால் போதும், போலீஸ் வேலை அத்தோடு சரி. மூன்று வருஷ ஓட்டம் மண்ணாகிவிடும். அடுப்பை அணைத்துவிட்டுச் சமையல்கட்டிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். மூச்சு விடும் சத்தம்கூட வெளியே கேட்டுவிடுமோ என்று பயமாக இருந்தது.

வெளியே யாரோ ஒரு ஆள் விளக்கமாற்றுக் கட்டையால் முட்டையைக் கொட்டாங்குச்சிக்குள் தள்ளி, கோமுகி ஆற்றில் போட எடுத்துப் போனாராம். கையால் தொட ஒருத்தருக்கும் தைரியமில்லை. தொட்டு ஒரு தட்டு தட்டியிருந்தால் வெந்த முட்டை என்று தெரிந்திருக்கும்.

தினேஷ் திரும்பி வந்ததும் கேட்டேன்.

"கவரு கிழிஞ்சிருந்துச்சிம்மா. நாலு எடுத்துக்கினு போனேன், அங்க போயி பாத்தா மூணுதான் இருந்துச்சி. ஏன், இன்னா ஆச்சு?"

சொன்னேன். பையனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "போயி சொல்லிடலாம்மா. ரேவதி அக்கா பாவம்மா."

"வாயத் தொறந்த, தெரியும் சேதி! ஒன் வேல போச்சின்னா நான் தூக்குல தொங்கிடுவேன்" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு குளிக்கப் போய்விட்டான்.

அன்று பின்பக்கச் சந்து வழியாகக் கடைக்குப் போனேன். சாயங்காலம் தெருமுனையில் ஒரு பெண் பிடித்து நிறுத்தி முழுக் கதையையும் சொன்னாள். நான் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "அப்படியா! எனக்குத் தெரியவே தெரியாதே! காலையிலயே கடைக்குப் போயிட்டேனே!" என்றேன். அந்த 'அப்படியா'வை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

எறங்கல அத்தே

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைக்கல் சுவர்தான். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். மறுநாள் காலையிலிருந்து அந்தச் சுவர்தான் என்னைக் கொன்றது.

"ஒரு வாய் சாப்புடு கண்ணு. வயித்துல இருக்கறதுக்காவது சாப்புடு" என்று அஞ்சலை கெஞ்சுகிறாள்.

"எறங்கல அத்தே. தொண்டயிலயே நிக்கிது. புள்ள நேத்துலருந்து சரியா ஆடவே மாட்டேங்குது அத்தே. எனக்குப் பயமா இருக்குது."

என் தட்டில் இருந்த இட்லியை அப்படியே மூடி வைத்துவிட்டேன். ரேவதியின் புருஷன் லாரி டிரைவர். அந்த வாரம் வடக்கே எங்கேயோ லோடு ஏற்றிப் போயிருந்தான். போனில் மாமியார் அவனிடம் பேசியதும் கேட்டது.

"வெள்ளிமலைக்கும் மேல ஒருத்தர் இருக்காராம்டா. எப்பேர்ப்பட்ட செய்வினையா இருந்தாலும் எடுத்துடுவாராம். நாளைக்குக் காலையில கார் சொல்லியிருக்கேன்... ஸ்கேனா? அது எங்கடா ஓடிப் போவுது? மொதல்ல இத எடுக்கணும், அப்புறம் ஸ்கேனு."

மறுநாள் பெரியாஸ்பத்திரியில் ரேவதிக்கு ஸ்கேன் நாள். அதை விட்டுவிட்டு மலைக்குப் போகிறார்கள். எல்லாம் என் குங்குமத்தால்.

அன்று கடைக்கு வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து ஒரு மலைக்காரப் பெண் வந்தாள். மகனுக்குச் சாதிச் சான்றிதழ் ஜெராக்ஸ் எடுக்க அடிக்கடி கீழே இறங்கி வருகிறவள்தான். பேச்சுவாக்கில் கேட்பது போலக் கேட்டேன், உங்கள் பக்கம் செய்வினை எடுக்கிறவர் இருக்கிறாராமே என்று.

அவள் சிரித்துவிட்டாள். "எங்களுக்கே தெரியாதுங்க. கீழ இருக்கறவங்கதான் கார் வெச்சிக்கினு வந்து, அவரு எங்க இருக்காரு, இவரு எங்க இருக்காருன்னு எங்களக் கேக்கறாங்க. யாருக்குங்க?"

"பக்கத்து வூட்டுப் பொண்ணு. எட்டு மாசம்."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "எட்டு மாசத்தோடயா? அந்த வளைவுலயா? வாணாங்க. எங்க வூட்டுப் பொண்ணுங்களயே மாசம் நெருங்கறதுக்கு முன்னாடி கீழ எறக்கி, சொந்தக்காரங்க வூட்ல வுட்டுடுவோம், அந்த ரோட்டுக்குப் பயந்துக்கினு. மேல வலி கண்டா ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள எதுவும் ஆயிடும். நான் ஒண்ண அப்பிடித்தாங்க பறிகுடுத்தேன். சொல்லுங்க அவங்ககிட்ட."

காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அவள் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம் ஒருத்தர் ஆதார் கார்டு நீட்டினார். முன்பக்கத்தையே இரண்டு தரம் எடுத்துக் கொடுத்தேன்.

ஃபிரிட்ஜைத் திறந்தேன்

மூன்றாம் நாள் காலை அவர்கள் வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது. அஞ்சலை எலுமிச்சம்பழமும் கற்பூரமும் வைத்த பையைப் பின்சீட்டில் வைத்தாள். ரேவதி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பாதம் இரண்டும் வீங்கி, முகம் மஞ்சளாக இருந்தது. நான் நேரே அவர்கள் வாசலுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் "வாங்கக்கா" என்றாள். அந்த நிலையிலும் 'வாங்கக்கா' என்றாள்.

"ரேவதி, அது என் முட்டைடி" என்றேன். "தினேஷு கவர்லருந்து விழுந்துருக்குது. வேகவெச்ச முட்ட. அடையாளத்துக்குப் பொட்டு வெச்சேன். வேற ஒண்ணும் இல்லடி. அவன் இப்பத்தான் சொன்னான். எனக்கு இப்பத்தான் தெரியும்."

அஞ்சலை பாய்ந்து வந்து என் தலைமயிரைப் பிடித்துவிட்டாள்.

"நீதானா? நீதான் வெச்சியா? நான் அப்பவே சொன்னேன்! அன்னிக்கி வெளங்காதுன்னு சொன்னியே, வெளங்காம பண்ணிட்டியேடி பாவி!"

உண்மையைச் சொன்னால் விடிந்துவிடும் என்றல்லவா நினைத்திருந்தேன்? தெருவே கூடிவிட்டது. நான் எது சொன்னாலும் யார் காதிலும் ஏறவில்லை. அவள் கையை உதறிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினேன். ஃபிரிட்ஜில் இருந்த முட்டைக் கிண்ணத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து, "பாருங்க, எல்லாம் தினேஷ் திங்கறது!" என்று அவர்கள் முன்னால் வைத்தேன்.

அதுதான் நான் செய்ததிலேயே பெரிய முட்டாள்தனம். கிண்ணத்தில் ஏழெட்டு முட்டை. ஒவ்வொன்றிலும் பொட்டு. மூன்றில் மைக்கோடு வேறு. கூட்டம் "ஆத்தாடி!" என்று பின்வாங்கியது. கார் டிரைவர் ஓடிப் போய் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டார்.

"தெருவுக்கே வெச்சிருக்காடீ!" என்று யாரோ கத்தினார்கள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் நாலு பேர் முன்னால் அழுகிறவள் இல்லை. புருஷன் செத்தபோது நடுவாசலில் நின்றுகொண்டு பந்தல்காரனை அதட்டியவள். அன்று ஓவென்று அழுதேன்.

அந்த நேரம் பார்த்து தினேஷ் கிரவுண்டிலிருந்து வந்தான். வியர்வையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தவன் கிண்ணத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மைக்கோடு போட்ட முட்டை ஒன்றை எடுத்தான். வாசற்படியில் தட்டி, பிய்த்து, வாயில் போட்டுக்கொண்டான். இன்னொன்றை எடுத்தான். அதையும் தின்றான்.

ரேவதி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மாமியாரிடம் சொன்னாள்: "பெத்த புள்ளைக்கு யாராவது செய்வினைய திங்கக் குடுப்பாங்களா அத்தே?"

அஞ்சலை தினேஷைத் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணு குடுங்கக்கா. பசிக்குது" என்றாள் ரேவதி.

நான் ஒன்றை எடுத்து உரித்தேன். என் வாழ்நாளில் அப்படி மோசமாக ஒரு முட்டையை உரித்ததில்லை. ஓடு பொடிப்பொடியாக உதிர்ந்தது, உள்தோல் நகத்தில் ஒட்டிக்கொண்டது, பாதி வெள்ளை ஓட்டோடு போய் மஞ்சள் வெளியே தெரிந்தது. அஞ்சலை கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளால் பொறுக்க முடியவில்லை.

"குடுடி இங்க! ஒரு முட்டைய உரிக்கத் துப்பில்ல. இவ எங்க செய்வினை வெக்கப் போறா!" என்று வெடுக்கென்று பிடுங்கினாள். மிச்சத்தை அவளே உரித்து மருமகள் வாயில் ஊட்டினாள்.

இரண்டு வாய் தின்றதும் ரேவதி வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். "அத்தே, இன்னும் ஆடல" என்றாள். டிரைவரைப் பார்த்து, "அண்ணா, மலைக்கு வாணாம், பெரியாஸ்பத்திரிக்குப் போங்க" என்று நான்தான் சொன்னேன். அஞ்சலை மறுக்கவில்லை. என்னையும் இழுத்து வண்டிக்குள் உட்காரவைத்தாள்.

எத்தனை நாளா?

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா வயிற்றில் கருவியை வைத்துக்கொண்டே கேட்டார்: "அசைவு கம்மியாகி எத்தன நாளாச்சும்மா?"

"மூணு நாளா" என்றாள் ரேவதி.

நான் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தேன். பிரஷர் ஏகத்துக்கு ஏறிக் கிடந்தது. தண்ணீர்ச் சத்து குறைந்துவிட்டது என்றார்கள். சாயங்காலத்துக்குள் ஆபரேஷன். பெண் குழந்தை. கையகலம்தான் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் பல நாள் வைத்திருந்தார்கள். குழாய் மூக்கில், குழாய் கையில். தினமும் கடையைச் சாத்திவிட்டு அந்தக் கண்ணாடிக்கு வெளியே போய் நிற்பேன். அந்த விலா எழும்பித் தாழ்கிறதா என்று பார்ப்பேன். எழும்பும். அப்புறம்தான் நான் மூச்சு விடுவேன்.

"இன்னிக்கும் வராம இருந்திருந்தா ரெண்டு பேரையும் காப்பாத்தியிருக்க முடியாது" என்று டாக்டரம்மா சொன்னார். அஞ்சலை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. இப்போது எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்குமாக ஓடுகிறது. என்னைப் பெரியம்மா என்கிறது. தினேஷுக்கும் வேலை கிடைத்துவிட்டது. வெளியூர் ஸ்டேஷனில் இருக்கிறான்.

ரேவதி யாரைப் பார்த்தாலும் என்னைப் பற்றி ஒன்று சொல்வாள்: "வசந்தாக்காவுக்குத் தெரிஞ்ச ஒடனே ஓடியாந்துட்டாங்க. அவங்க மட்டும் ஒரு நாளு லேட்டா வந்திருந்தா எம்புள்ள இல்ல." நான் தலையை ஆட்டுவேன். இத்தனை வருஷமாக ஆட்டிக்கொண்டிருக்கிறேன்.

ரேவதி, முதல் நாள் காலை ஆறு மணிக்கே எனக்குத் தெரியும். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததை ஜன்னலில் நின்று பார்த்தேன். தினேஷ் அன்றைக்கே போய்ச் சொல்லலாம் என்றான். நான்தான் அவன் வாயை அடைத்தேன். என் பிள்ளைக்காக உன் பிள்ளையை மூன்று நாள் பட்டினி போட்டேன்.

இந்தப் பத்திரிகையை என் கடையிலும் விற்கிறேன். கட்டு வந்ததும் முதல் பிரதியை வாங்கிப் போகிறவள் ரேவதிதான். என் தொடரை மாமியாருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுவாள். இந்த வாரம் கடைக்கு லீவு விட்டுவிடலாமா என்று நேற்று முழுக்க யோசித்தேன். விடவில்லை. வீட்டுக்கு எடுத்துப் போகாதே, இங்கேயே படி என்று ஸ்டூலை இழுத்துப் போடப் போகிறேன். அவள் படித்து முடிக்கிற வரை எதிரிலேயே நிற்பேன்.